சூட்டில் ஒளியும் உப்பு

ஜெசிந்தா மாலிப்டேட் கரைசலை அளந்து ஊற்றி, குப்பியை இரண்டு முறை குலுக்கி மேசையில் வைத்தபோது ஆய்வகக் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது. நிறம் முழுதாக ஏறப் பத்து நிமிடம் ஆகும். பத்தொன்பது வருடமாக இந்தப் பத்து நிமிடம் அவளுக்குச் சொந்தம். கண்ட்ரோல் ரூமிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டு அவசரப்படுத்தினாலும் மஞ்சள் தன் நேரத்துக்குத்தான் வரும். இதில் அவள் தேநீர் குடித்திருக்கிறாள், நகம் வெட்டியிருக்கிறாள், பையனுடைய பள்ளிக்குப் போன் போட்டிருக்கிறாள். இன்று எதுவும் செய்யத் தோன்றவில்லை. கைகளை மேசைமேல் வைத்தாள். அவை யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கையுறைகள்போல் கிடந்தன. குப்பிக்குள் இருப்பது கொதிகலன் தண்ணீர். பதின்மூன்று நாளைக்கு முன் குழாய் வெடித்து நின்றுபோன கொதிகலன், குழாய் மாற்றி, நேற்று முன்தினம் மறுபடி மூட்டி, இன்று காலை ஒன்பதரைக்கு முழு லோடுக்கு, அதன் முழுத் திறனுக்கு, வந்துவிட்டது. முழு லோடில் எடுத்த முதல் சாம்பிள் இது. பதினொன்றரைக்கு விசாரணைக் குழு உட்காருகிறது. இந்த ஒரு ரீடிங்கை மட்டும் லாக் ஷீட்டோடு கொண்டுவரும்படி குழுவில் இருக்கும் வெளியூர்க்காரர், ஓய்வுபெற்ற கொதிகலன் நிபுணர் தனஞ்செயன், கையால் எழுதியே அனுப்பியிருந்தார். எதற்காகக் கேட்கிறார் என்று மேலாளர் கோதண்டத்துக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. புரிந்தது என்பதுகூடப் பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்த சத்தம் மாதிரி தொலைவாகத்தான் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே சாம்பல் குட்டைக்கு அப்பால் உப்பளங்கள். பாத்திகளின் ஓரம் குவித்து ஓலை மூடிய உப்பு. இந்த ஊரில் உப்பு என்றால் அதுதான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமியார், "உப்பு வேலைன்னா சொல்லுதா, அளத்துலயா" என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வந்தாள். இது வேறு உப்பு என்று சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. டிரைசோடியம் பாஸ்பேட். ஆலையில் எல்லோருக்கும் அது டி.எஸ்.பி. வெள்ளைச் சாக்கில் வரும், சர்க்கரையைவிடச் சற்றுப் பெரிய பரல், வாசனை இல்லை. ஈர விரலால் தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். உப்பே வழுக்குகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் விரலில் இருக்கும் எண்ணெயைத்தான் அது சோப்பாக்கிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரம் வைத்திருந்தால் தோலும் போகும். பரலுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது, ஒரு மூலக்கூறு உப்புக்குப் பன்னிரண்டு மூலக்கூறு. கொதிநீர் அளவுக்குச் சூடு வேண்டாம், எழுபத்தைந்து பாகையில் தன் தண்ணீரில் தானே உருகிவிடும். கொதிகலனில் அதற்கு ஒரே வேலை. எங்கிருந்தாவது சுண்ணாம்பு வந்துவிட்டால் குழாயில் காறையாகப் படியவிடாமல் பிடித்து மெல்லிய சேறாக்கி அடியில் தள்ள வேண்டும், வடிகாலைத் திறந்தால் வெளியே போய்விடும். அதற்காகத் தண்ணீரில் பத்து லட்சத்துக்கு மூன்றோ நான்கோ பங்கு இருந்தால் போதும். இரண்டுக்குக் குறையக் கூடாது, ஆறைத் தாண்டக் கூடாது. அந்தச் சின்ன எண்ணைக் காவல் காப்பதுதான் அவளுடைய உத்தியோகம். கடல் உப்பு பச்சைத் தண்ணீரிலும் கொதிநீரிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கரையும், அதனிடம் சூது கிடையாது. இது அப்படி இல்லை. அடுப்படிச் சூடு வரை, சூடு ஏற ஏற அள்ளி அள்ளிக் கரையும், எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொள்ளும். இருநூறு பாகையைத் தாண்டிய பிறகு குணம் திரும்பிவிடும். அதற்கு மேல் சூடு ஏற ஏறக் கரைவது குறைந்துகொண்டே வரும். முந்நூறைத் தாண்டித் தீ நேராக அடிக்கும் குழாய்களில் தண்ணீரை விட்டு வெளியேறிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்போது சாம்பிள் எடுத்துப் பார்த்தால் பாஸ்பேட் இருக்காது. எங்கும் போயிருக்காது, உள்ளேயேதான் இருக்கும். லோடு இறங்கிச் சூடு குறைந்ததும் ஒன்றும் நடக்காதது மாதிரி திரும்பி வந்து தண்ணீரில் நிற்கும். ஒளிந்துகொள்ளும் உப்பு என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சொன்னவர் மீசையில் சுண்ணக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. அதை அவள் நோட்டில் எழுதியிருக்கிறாள். எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டிருக்கிறாள்.

கோடு போட்டது நினைவிருக்கிறது. அப்புறம் எப்படி அது நடந்தது என்று பதின்மூன்று நாளாக யோசித்தாயிற்று, யோசனை ஒரே இடத்தில் போய் முட்டி நிற்கிறது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம். கோடை. முழு லோடு. ரீடிங் ஒன்று புள்ளி ஒன்று. இரண்டுக்குக் கீழே எழுதினால் ஷீட்டில் சிவப்பு மையால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்டால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் கோதண்டம் லோடைக் குறைக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ஏன் குறைக்கவில்லை என்று அவர் காரணம் எழுத வேண்டியிருக்கும். லோடு ஏறியதால் ஒளிந்திருக்கிறது, சாயங்காலம் வந்துவிடும், சும்மா இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். சும்மா இருப்பதற்கு ஷீட்டில் கட்டம் இல்லை. மூன்று புள்ளி ஆறு என்று எழுதினாள். எழுதிவிட்டு, எழுதிய எண் பொய்யாக இருக்கிறதே என்ற கூச்சத்தில், அதை மெய்யாக்கப் போனை எடுத்து, "அண்ணாச்சி, பம்ப் ஸ்ட்ரோக்கை நாப்பதுலேருந்து அறுபதாக்குங்க" என்றாள். பிசகு அதுதான். பொய் எழுதியதோடு நின்றிருந்தால்கூடக் குழாய் தப்பியிருக்கும். பொய்க்குத் தக்கபடி தண்ணீரைத் திருத்தப் போனாள். மருந்துக் கரைசலைக் கொதிகலனுக்குள் செலுத்தும் பம்பைப் பார்த்துக்கொள்ளும் தளவாய் அண்ணாச்சி, "அறுவதா மேடம், சரி" என்றார். ஸ்ட்ரோக்கைக் கூட்டியதால் கூடுதலாக உள்ளே போன புது உப்பும் பழைய உப்பு போன இடத்துக்கே போனது. அடுத்த முழு லோடில் மூன்று புள்ளி எட்டு எழுதினாள். அதற்கடுத்து மூன்று புள்ளி ஏழு. அடுத்தடுத்த நாளில் ஒரே எண் வராமல் பார்த்துக்கொண்டாள், அதில் மட்டும் கவனம் பிசகவில்லை. குழாய்ச் சுவரில் உப்பின்மேல் உப்பாக வெள்ளைக் காறை ஏறியது. காறைக்கு அடியில் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நாலரை மில்லிமீட்டர் கனமிருந்த குழாய் ஒரு இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டராகிவிட்டதென்று சென்னையிலிருந்து அறிக்கை வந்திருக்கிறது. வெட்டி அனுப்பிய குழாய்த் துண்டின் படம் இருந்தது. பள்ளம் பார்க்க உள்ளங்கை மாதிரி இருந்தது. இல்லை, உள்ளங்கை மாதிரி இல்லை. ஏன் அப்படித் தோன்றியது. மணி பத்து ஐம்பத்து நான்கு.

குழாய் வெடித்தபோது அவள் இங்கேதான், இதே நாற்காலியில். மத்தியானம் மூன்றேகால். வெடி மாதிரி சத்தம் வரவில்லை, நீளமாகத் துணி கிழிவதுபோல் ஒன்று, பிறகு இரைச்சல். இரைச்சல் எங்கிருந்து என்று பார்க்க இசக்கிராஜ் மேல் தளத்துக்குப் போய் அடுப்பின் பார்வைத் துளை மூடியைத் திறந்தான். துளை வழியாக ஆவியும் நெருப்பும் வந்தன. முப்பத்தெட்டு வயது. களப் பணியாளன், தினமும் சூடான சாம்பிள் புட்டியைப் பழந்துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் கொண்டுவந்து வைப்பான். "மேடம், உங்க தண்ணிக்கு ஜாதகம் பாத்துச் சொல்லுங்க, கண்டம் எதும் இருக்கான்னு" என்பான். கண்டம் ஒன்றும் இல்லை, நீ போ என்பாள். மனதில் மூன்று புள்ளி ஏழு என்று ஓடிக்கொண்டிருக்கும்போதும் அதைச் சொல்லியிருக்கிறாள். நான்கு நாள் பாளையங்கோட்டை மருத்துவமனையில் கிடந்தான். இரண்டாம் நாள் போனாள். முகத்தில் துணி போட்டிருந்தது. அவன் கால்களை மட்டும் பார்த்தாள், கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பாதத்தில் செருப்பு வார் தடம் வெள்ளையாக இருந்தது. அடக்கத்தன்று அவன் மனைவியின் அக்கா ஒரு தம்ளரில் காப்பி கொடுத்தாள். துக்க வீட்டுக் காப்பியில் சீனி கூடுதலாக இருந்தது. குடித்து முடித்துத் தம்ளரை எங்கே வைப்பதென்று தேடிக்கொண்டிருந்தாள், இசக்கிராஜின் மனைவி அவளைப் பார்த்து, "நீங்கதான் தண்ணி பாக்குற மேடமா, இவுஹ சொல்லுவாஹ" என்றாள். அப்போதும் அழுகை வரவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நாக்கில் சீனி, கையில் தம்ளர். அதிலிருந்து இப்படியே இருக்கிறது. சாப்பிட்டால் உப்பு உறைப்பு தெரிகிறது, மேலே ஏதாவது பட்டால் தெரிகிறது, அதற்கு உள்ளே ஒன்றுமில்லை. வெந்த தோலில் முதலில் வலி தெரியாது என்று மருத்துவமனையில் ஒரு நர்ஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவருகே செருப்புச் சத்தம். தளவாய். பத்து நாளாக அவருக்கு வேலை இல்லை. கொதிகலன் பக்கம் போகக் கூடாது, பம்ப் அறைக்குள் நுழையக் கூடாது, ஆனால் குழு எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும் என்பதால் தினமும் எட்டு மணிக்கு வந்து விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து மணிக்குப் போகிறார். ஒப்பந்தக்காரரின் ஆள். சீருடைச் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார்கள், வெள்ளைச் சட்டையில் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். கையில் காலித் தண்ணீர்ப் புட்டி.

"அங்ஙன குடிதண்ணிக் குழாய் வரல மேடம். பிடிச்சுக்கிடட்டா."

"பிடிங்க அண்ணாச்சி."

அவர் முதுகைக் காட்டி நின்று பிடித்தார். புட்டி நிறையும் சத்தம் கனம் மாறி மாறி மேலேறியது.

"இன்னைக்கு முடிச்சிருவாவளாம். கண்ட்ராக்டர் பேசினாரு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறாவளாம், எம் பேர்ல. கவனக்குறைவுன்னு." புட்டியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, திறந்து மறுபடி மூடினார். "எனக்குப் புரியாதது ஒண்ணுதான். நானா எதுக்கு மேடம் அறுபதுல வைக்கப் போறேன். ஸ்ட்ரோக்கக் கூட்டி வச்சா டாங்க் சீக்கிரம் காலியாவும், நாந்தான மூட்டையத் தூக்கிப் போட்டுக் கலக்கணும். எவனாவது தன் இடுப்புக்குத் தானே வேலை வைப்பானா."

அவள் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதையும் அவுஹட்ட சொன்னேன். மேலாளர் சிரிக்காரு. ஷீட்டுல மூணே முக்கால் இருக்கும்போது ஏத்தச் சொல்ல யாருக்கும் பைத்தியமாங்காரு. அது வாஸ்தவந்தான். எனக்கும் பதில் தெரியல."

"அண்ணாச்சி."

"சொல்லுங்க."

அவள் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவர் ஒரு நிமிடம் நின்றார். கோபமாக நிற்கவில்லை, கடையில் மீதிக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். பிறகு, "வாரேன். பெஞ்ச காலியா வுட்டா ஆளக் காணும்பாவ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கேட்கவில்லை, நீங்கதானே சொன்னீங்க என்று அவர் ஒரு தடவைகூட நேராகக் கேட்கவில்லை. முதல் அமர்வில் குழுவின் முன்னால் மட்டும் சொன்னார், "மேடந்தான் போன்ல சொன்னாவ" என்று. அவளைக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, ஐந்து பேர், நடுவில் பிஸ்கட் தட்டு. டோஸை ஏற்றச் சொன்னீர்களா என்று கேட்டார்கள். "ஞாபகம் இல்லை" என்றாள். வாய் அதைத் தானாகச் சொன்னது, மனம் அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது. இல்லை என்று சொல்லவில்லை, ஞாபகம் இல்லை என்றுதான் சொன்னாள், இரண்டுக்கும் நடுவில் ஏதோ இருப்பதாக அப்போது பட்டது. போன் பேச்சு எங்கும் பதிவாவதில்லை. பம்ப் அறை ரிஜிஸ்டரில் ஸ்ட்ரோக் எவ்வளவு என்று எழுதக் கட்டம் உண்டு, கையெழுத்துக்குக் கட்டம் உண்டு, யார் சொன்னது என்று எழுதக் கட்டம் இல்லை. தளவாயின் கையெழுத்து ஒவ்வொரு அறுபதுக்கும் எதிரில் ஒழுங்காக இருக்கிறது. எதிர்த் தரப்பில் அவளுடைய மூன்று புள்ளி எட்டுகள். ஷீட்டில் மருந்து சரியாக இருக்கிறது, ரிஜிஸ்டரில் மருந்து கூடுதலாகப் போயிருக்கிறது, ஆகவே போட்டவன் தன்னிஷ்டத்துக்குப் போட்டிருக்கிறான். பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி சுத்தமாக வந்தது. மூன்று புள்ளி எட்டு ஒரு மனிதனை இப்படி வளைத்துக் கட்டும் என்று எழுதும்போது அவளுக்குத் தோன்றியதில்லை. எழுதும்போது அது வெறும் நீல மை. தனஞ்செயன் மட்டும் அன்று எதுவும் கேட்கவில்லை. ஷீட்டுகளைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். ஏழெட்டு மாதத்தை. முழு லோடு நாட்களில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "உங்க பாய்லர்ல லோடு ஏறுனா பாஸ்பேட் குறையறதே இல்லையாம்மா" என்றார். "இல்ல சார்" என்றாள். "கொடுத்து வச்ச பாய்லர்" என்றார், மற்றவர்கள் அது வேடிக்கைப் பேச்சு என்று சிரித்தார்கள்.

லெயோனிடம் அன்று இரவு சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கணவன் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் இடத்தில் கணக்கெடுக்கிறவன், நடந்ததை நடந்தபடி எழுதும் வேலை. மீன் முள்ளை எடுத்தபடியே கேட்டான். கேட்டு முடித்து, "ஞாபகம் இல்லன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றான். முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்து, "செத்தவன் வரப்போறதில்ல" என்றான். கை கழுவிவிட்டு வந்து, "அந்தத் தளவாய்க்கு எத்தனை பிள்ளைங்க" என்றான். தெரியாது என்றாள். பத்தொன்பது வருடமாக ஒரே வளாகத்தில் வேலை. ஒருநாள்கூடக் கேட்டதில்லை. பம்ப் அறை எண் நாற்பத்திரண்டு, அதைச் சுற்றினால் அவர் குரல். "தளவாய் பேசுதேன்." அவ்வளவுதான் அவர். லெயோன் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. பேசாமலிருப்பதில் அவன் கெட்டிக்காரன். படுக்கையில் இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். வேலை போனால் குடியிருப்பை விட்டுப் போக வேண்டும், பையனுக்கு இது பிளஸ் டூ, இந்த வயதில் இன்னோர் ஆலையில் இன்னொரு தண்ணீர். இதற்கெல்லாம் பயம் வர வேண்டும், வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரீடிங் வராத மாதிரி வரவில்லை. எல்லாம் உள்ளே எங்கோ சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, சூடு குறைந்தால் மொத்தமாக வருமா. வந்தால் தாங்குமா. பதினொன்று.

குப்பியைத் துடைத்து மீட்டருக்குள் வைத்து மூடினாள். எண் ஆடியது, நின்றது. பூஜ்யம் புள்ளி ஒன்பது. நிறம் பார்த்தபோதே தெரியும். வெளிறிய மஞ்சள், துவைத்துத் துவைத்துப் போன வேட்டி மாதிரி. காலையிலிருந்து பம்ப் ஸ்ட்ரோக் நாற்பதில்தான் இருக்கிறது, தளவாய் இடத்தில் புதிதாகப் போட்டிருக்கும் பையன்கள் எதையும் தொடவில்லை. நேற்று அரை லோடில் மூன்று புள்ளி நான்கு இருந்தது, அது உண்மையான எண், அவளே பார்த்தாள். இன்று முழு லோடு. உப்பு போய்விட்டது. புதுக் குழாய், பளபளவென்றிருக்கும் உட்சுவர், அதிலும் அதே இடத்தைத் தேடிப் போய் ஒட்டியிருக்கிறது. அதற்குக் குழாய் வெடித்ததும் தெரியாது, ஆள் செத்ததும் தெரியாது, குழு உட்காருவதும் தெரியாது. அதன் குணம் முந்நூறு பாகையில் அப்படி.

போன் அடித்தது. கண்ட்ரோல் ரூம், ஷாஜகான்.

"மேடம், பாஸ்பேட் எவ்வளவு. கோதண்டம் சார் பக்கத்துல நிக்காரு."

"இன்னொரு தடவை பாக்குறேன். பத்து நிமிஷம்."

"ஏன், ஏதும்..."

"பத்து நிமிஷம், தம்பி."

மறுபடி அளந்தாள், ஊற்றினாள், குலுக்கினாள். தேவையே இல்லை, பத்தொன்பது வருடத்தில் அவளுடைய சோதனை ஒன்றும் தவறியதில்லை, தவறியதெல்லாம் எழுதுவதில். லாக் ஷீட் முன்னால் இருந்தது. தேதி, நேரம், லோடு நிரப்பியாயிற்று. பாஸ்பேட் கட்டம் காலி, தபால்தலை அளவு. அதில் மூன்று புள்ளி ஏழு என்று எழுதலாம். எழுதினால் எல்லாம் பொருந்தும். போன மாதங்களின் எண்களுக்கு இது சாட்சியாக நிற்கும், தனஞ்செயனின் பென்சில் புள்ளிகள் வெறும் புள்ளிகளாகும், தளவாய் தன்னிஷ்டத்துக்குப் போட்டவர் ஆவார், ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பார்கள், வெள்ளைச் சட்டையோடு கூட்டிப் போவார்கள். பூஜ்யம் புள்ளி ஒன்பது எழுதினால், அதே லோடு, அதே தண்ணீர், அதே உப்பு, எட்டு மாதம் ஒளியாதது இன்றைக்கு மட்டும் ஏன் ஒளிந்தது என்று ஒருவர் கேட்பார். ஒருவர் கேட்டால் போதும். கேட்பதற்காகவே ஒருவர் சென்னையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கிறார். பேனாவை எடுத்தாள். மூன்றின் முதல் வளைவு எப்படி வருமென்று கைக்குத் தெரியும், எட்டு மாதப் பழக்கம். பூஜ்யத்துக்கும் முதலில் வளைவுதான். தாளில் முனை பட்டு ஒரு பொட்டு விழுந்தது. எந்த எண்ணாகவும் அதை இன்னும் ஆக்கலாம். அப்புறம் இன்னொன்று, அதை இப்போதுதான் நினைத்தாள், இவ்வளவு தாமதமாகவா. மூன்று புள்ளி ஏழு எழுதினால் அதோடு முடியாது. கண்ட்ரோல் ரூமில் நிற்கும் கோதண்டம் சரி என்பார், நாளைக்கும் முழு லோடு, நாளைக்கும் இல்லாத பாஸ்பேட்டை எழுத வேண்டும். எழுதியபின் அந்தக் கூச்சம் வரும், கை போனுக்குப் போகும், நாற்பத்திரண்டைச் சுற்றும், வேறு குரல் ஒன்று அறுபதா மேடம் சரி என்னும். மேல் தளத்தில் பார்வைத் துளைக்குப் பக்கத்தில் இப்போது இசக்கிராஜ் இடத்தில் யார் நிற்கிறான். அவன் பெயரும் அவளுக்குத் தெரியாது. இன்று காலை சாம்பிள் புட்டியை வைத்துவிட்டு எதுவும் பேசாமல் போனான், துணி சுற்றாமல் எடுத்து வந்ததால் விரலை ஊதிக்கொண்டே போனான். விரல் சிவந்திருந்ததைப் பார்த்தாள். பார்த்தும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை, இப்போது அவளுடைய விரல் நுனியில் லேசாகச் சுட்டது. அவ்வளவுதான். பெரிதாக எதுவும் உடையவில்லை.

பதினொன்று பதின்மூன்றுக்கு மீட்டரில் பார்த்தாள். பூஜ்யம் புள்ளி ஒன்பது. எழுதினாள். சிவப்புப் பேனாவை எங்கே வைத்தோம் என்று இழுப்பறையில் தேட வேண்டியிருந்தது, எட்டு மாதமாக எடுக்கவில்லை, முனை காய்ந்திருந்தது. ஓரத்தாளில் கிறுக்கி வரவழைத்து வட்டம் போட்டாள். காரணம் என்ற கட்டத்தில், முழு லோடில் உப்பு ஒளிகிறது, டோஸை ஏற்ற வேண்டாம் என்று எழுதினாள்.

கோதண்டம் நேரிலேயே வந்துவிட்டார். ஐம்பத்தாறு வயது, கெட்டவர் இல்லை, லோடு குறையக் கூடாது என்பதைத் தவிர வேறு கொள்கை இல்லாதவர். ஷீட்டை நின்றபடியே பார்த்தார்.

"இது என்ன ஜெசிந்தா."

"ரெண்டு தடவை பாத்துட்டேன் சார்."

"அன்னைக்கெல்லாம் மூணே முக்கால் இருந்துச்சேம்மா. இதே லோடுதானே."

"அன்னைக்கும் இதான் சார் இருந்துச்சு. நான் எழுதுனதுதான் வேற."

அவர் திரும்பிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். சாத்தவில்லை. போய்ச் சாத்திவிட்டு வந்தார். "வேற ஷீட் எடுங்க. முதல்ல இதைக் கிழிங்க" என்றார், குரலைத் தாழ்த்தி, பரிவாகக்கூட. "உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"டோஸை ஏத்தச் சொல்லாதீங்க சார், யார் கேட்டாலும். இது சாயங்காலம் லோடு இறங்குனா தானா வந்துரும்." இதைச் சொல்லும்போது அவள் ஷீட்டை அட்டையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுவிட்டாள். அவர் வழியை மறிக்கவில்லை. மறிக்கலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

விசாரணை அறையில் அதே மேசை, பிஸ்கட் மட்டும் வேறு. தனஞ்செயன் ஷீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல், "டோஸ் ஏத்தச் சொன்னது யாருன்னு ஞாபகம் வந்துச்சா" என்றார்.

"நான்தான் சார்."

"எத்தனை தடவை."

"எண்ணல சார். முழு லோடு வந்த நாள் எல்லாம்."

ஒருவர் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், அது யாரோ ஒரு ஜெசிந்தாவைப் பற்றி இருந்தது, தேதிகளும் எண்களுமாக. இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆய்வகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மற்றது பிற்பாடு எழுத்தில் வரும் என்றார்கள். இசக்கிராஜ் பெயர் அந்தத் தாளில் ஒரு முறைதான் வந்தது, இறந்தவர் என்ற சொல்லுக்கு முன்னால்.

வெளியே பெஞ்சில் தளவாய் எழுந்து நின்றார். கதவு மெல்லியது, உள்ளே பேசியது கேட்டிருக்கும். அவருக்கு என்ன சொல்வதென்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவரிடம் கொடுத்து அவர் என்ன செய்வார் என்று தோன்றியது.

"அண்ணாச்சி, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பார்வையில் நன்றி இல்லை, வெறுப்பும் இல்லை, வேலைக்காரன் தன் கருவியில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை.

"மூணு பேரு. மூத்தவளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருந்தோம். பேப்பர்ல எம் பேரு வந்ததும் அவுஹ வேற இடம் பாத்துட்டாவ." சட்டைப் பையிலிருந்து குழு கொடுத்த வருகைச் சீட்டை எடுத்து நான்காக மடித்தார். "ஒரு வரி மேடம். முத நாளே சொல்லிருந்தா ஒரு வரி."

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போனார். கதவு மூடியது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் பெஞ்ச் இன்னும் சூடாக இருந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள். கண்ணில் எரிச்சல் தொடங்கியிருந்தது.